எட்டுப் பேர் அலுவலகம், நான்கு கேமரா

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்ப்பது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி 70 மணி நேரம் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணி நேரம் வரை போனார். அதே ஆண்டு நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. டிசம்பரில், வேலை நேரம் முடிந்த பிறகு வரும் அலுவலக அழைப்புகளை ஏற்காமல் இருக்கும் உரிமை கோரி மக்களவையில் தனிநபர் மசோதா ஒன்று அறிமுகமானது. எல்லாமே மணிக்கணக்கு. அந்த மணிகளுக்குள் நம் நாற்காலிக்குப் பின்னால் யார் வந்து நிற்கிறார், எத்தனை முறை எட்டிப் பார்க்கிறார் என்பது மட்டும் பேச்சில் வருவதே இல்லை.

படித்து முடித்து வெளியே வரும் நம் பிள்ளைகள் பலருக்கு முதல் வேலை கண்ணாடிக் கட்டிடத்தில் கிடைப்பதில்லை. செருப்பைப் படியோரம் கழற்றிவிட்டு ஏறிப் போகும் முதல் மாடி அலுவலகத்தில்தான் கிடைக்கிறது. ஆடிட்டர் அலுவலகம், டிராவல்ஸ், ஸ்கேன் சென்டர், இன்சூரன்ஸ் ஏஜென்சி, உதிரிபாக டீலர், சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி என்று ஊருக்கு ஊர் பலகைகள் மாறும். உள்ளே ஐந்து பேரிலிருந்து பதினைந்து பேர் இருப்பார்கள்.

அங்கே மனிதவள மேலாளர் கிடையாது. விடுப்பு கேட்பதும் முதலாளியிடம்தான், சம்பள உயர்வு கேட்பதும் அவரிடம்தான். அவரைப் பற்றியே புகார் என்றாலும் அவரிடம்தான் சொல்லியாக வேண்டும். அரசு அலுவலகத்தில் தொல்லை கொடுக்கும் அதிகாரி என்றாவது ஒரு நாள் மாறுதலில் போய்விடுவார். பெரிய கம்பெனியில் வேறு டீம் கேட்டுப் பார்க்கலாம். முதல் மாடி அலுவலகத்தில் அவரும் எங்கும் போகப்போவதில்லை, நமக்கும் மாறி உட்கார வேறு அறை இல்லை.

ஐந்து மணி மெயில்

திருப்பூரில் ஒரு சிறிய ஏற்றுமதி அலுவலகம். எட்டுப் பேர். தையல், டையிங், பிரிண்டிங் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க்கில் நடக்கிறது. அலுவலகத்தில் இருப்பது மெர்ச்சண்டைசர்கள், கணக்கு பார்ப்பவர், சாம்பிள்களைக் கட்டி அனுப்பும் பையன். அந்த எட்டுப் பேருக்கு நான்கு கேமரா. ஒன்று வாசலில், ஒன்று சாம்பிள் மேசைக்கு மேல், மற்ற இரண்டும் நேராக இருக்கைகளைப் பார்த்து. நான்கும் முதலாளியின் செல்போனில் ஓடுகின்றன. அவர் பெருந்துறையில் டையிங் யூனிட்டில் நின்றுகொண்டு போன் போடுவார்: “அந்த மூணாவது சீட்டு காலியா இருக்குதே, எங்க போனாங்க?” மூன்றாவது சீட்டுக்காரர் கழிவறைக்குப் போயிருக்கிறார். அதை இன்னொருவர் போனில் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் மாலை ஐந்து மணி. ஐரோப்பிய பையருக்கு நான்கு வரி மெயில் ஒன்று தயார். உற்பத்திக்கு முந்தைய சாம்பிளின் படங்களை இணைத்திருக்கிறோம், இன்றே ஒப்புதல் தந்தால் நாளை கட்டிங் போட்டுவிடலாம் என்பதுதான் சாரம். இரண்டு ஆண்டு அனுபவமுள்ள மெர்ச்சண்டைசர் இதைத் தூக்கத்தில்கூட எழுதுவார். ஆனால் உத்தரவு வேறு மாதிரி: “அனுப்பிப் போடாதீங்க அம்மிணி, நான் வந்து ஒருக்கா பாத்தர்றேன்.” வந்தபோது மணி எட்டு. டீ வந்தது. இரண்டு இடத்தில் ‘கைண்ட்லி’ சேர்ந்தது, ஒன்று மறுபடி நீக்கப்பட்டது. படங்களின் வரிசை மாறியது. மெயில் போனபோது இரவு பத்து. அங்கே மாலை நேரம், பையர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

பதில் மறுநாள் பிற்பகல்தான் வந்தது. கட்டிங் மேசை ஒரு நாள் சும்மா கிடந்தது. அதற்குத் திட்டு வாங்கியதும் அதே மெர்ச்சண்டைசர்தான்: “முன்னாடியே ஞாபகப்படுத்த மாட்டீங்களா?”

பெயரைச் சொன்னால் வம்பு, சொல்லத் தேவையும் இல்லை. திருப்பூர்க்காரர்கள் இதைப் படித்தால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.

ஆடிட்டர் அலுவலகங்களில் இது வேறு வேடத்தில் வரும். மாதம் 11-ம் தேதி ஒரு ஜிஎஸ்டி படிவம், 20-ம் தேதி இன்னொன்று. ஒவ்வொரு பில்லையும் தன் கண்ணால் பார்த்தால்தான் ஆச்சு என்பவரின் மேசையில் ஃபைல்கள் 12-ம் தேதியிலிருந்து குவிந்துகொண்டே போகும். 19-ம் தேதி இரவு மொத்த அலுவலகமும் பரோட்டா வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும். விற்பனைப் பிரிவுப் பையன்களின் நிலைமை இன்னும் மோசம். காலை ஒன்பதரைக்குக் கடை வாசலில் நின்று செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும், நாள் முழுக்க லொகேஷனைத் திறந்து வைக்க வேண்டும். ப்ளூ டிக் விழுந்து பத்து நிமிடத்தில் பதில் வராவிட்டால், குழுவில் எல்லோர் முன்னாலும் ஒரு கேள்விக்குறி மட்டும் வந்து விழும்.

கண்டிப்பு வேறு, இது வேறு

வேலையைச் சரிபார்ப்பவர் எல்லோரையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது. ஆடிட்டர் கையெழுத்துப் போடுகிறார் என்றால் அதற்குக் கீழே அவருடைய உறுப்பினர் எண் இருக்கிறது. நாளை நோட்டீஸ் வந்தால் அவருக்குத்தான் வரும். ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட்டில் பெயர் மாறினால் ஒரு நோயாளியின் சிகிச்சையே மாறிப்போகும். புதிதாகச் சேர்ந்தவரின் வேலையை முதல் சில மாதங்கள் வரிக்கு வரி பார்க்காத முதலாளிதான் பொறுப்பற்றவர்.

எனக்குத் தெரிந்து ஒரே ஒரு சோதனை போதும். சரியாகச் செய்து காட்டிய பிறகு அந்தக் கண்காணிப்பு குறைகிறதா, இல்லையா? குறைந்தால் அவர் கண்டிப்பானவர். ஆறு மாதம் பிழையில்லாமல் செய்த வேலையையும் ஏழாவது மாதம் அதே சந்தேகத்தோடு புரட்டினால், அவர் பார்ப்பது வேலையை இல்லை. தன் கைக்குள் எல்லாம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறார்.

இன்னொரு வகையும் உண்டு. வேலை ஒரு சாக்கு, அவமானப்படுத்துவதுதான் குறி. சாதியைச் சொல்லிப் பேசுவது, ஆறு மணிக்குக் கிளம்பும் பெண்ணிடம் ‘யார் வெயிட் பண்றாங்க?’ என்று கேட்பது, பேப்பரை முகத்தில் விட்டெறிவது. இதைச் சமாளிக்கும் வழிகள் எதையும் இந்தக் கட்டுரை சொல்லப்போவதில்லை. அது சட்டத்திடம் போக வேண்டிய விஷயம், அதைப் பின்னால் பார்ப்போம்.

அவர் ஏன் இப்படி?

முதலாளியைத் திட்டுவது எளிது. அவருக்குள் ஓடும் பயத்தைப் புரிந்துகொண்டால் சமாளிப்பதும் கொஞ்சம் எளிதாகும்.

பெரும்பாலான சிறிய அலுவலகங்களில் முதலாளியின் வீட்டுப் பத்திரம் வங்கியில் ஓ.டி. கணக்குக்கு ஈடாகக் கிடக்கிறது. சிறு, குறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் மூன்று மாதம் இழுத்தடிக்கும் பெரிய கம்பெனியிடம் சட்டத்தைக் காட்டிவிட்டு அடுத்த ஆர்டரை இழக்க யாருக்குத் துணிச்சல்? வெளியே எதுவும் அவர் கையில் இல்லை. கையில் இருப்பது இந்த எட்டுப் பேர்தான். பையரிடம் காட்ட முடியாத அதிகாரம் சாம்பிள் மேசையில் வந்து இறங்குகிறது.

பழைய காயங்களும் உண்டு. கஸ்டமர் லிஸ்ட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் எதிர்த்த தெருவில் போர்டு மாட்டிய ஊழியரைப் பற்றி ஒவ்வொரு முதலாளியிடமும் ஒரு கதை இருக்கும். பெட்டி கேஷில் கைவைத்த கணக்குப்பிள்ளை கதை இன்னொன்று. அவற்றில் பாதியாவது உண்மையாக இருக்கும். தொடங்கிய காலத்தில் பில் போட்டது, பார்சல் கட்டியது, டீ வாங்கி வந்தது எல்லாம் அவர்தான். ஆள் வந்த பிறகும் அந்தக் கை நிற்கவில்லை.

குடும்பத் தொழில் என்றால் சிக்கல் மூன்று மடங்கு. பதினொரு மணிக்கு முதலாளி ஒன்று சொல்வார். சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய அப்பா வந்து முன் மேசையில் உட்கார்ந்து, ‘அந்தக் காலத்துல நாங்க இப்படியா செஞ்சோம்’ என்று அதை மாற்றுவார். நான்கு மணிக்கு மச்சான் வந்து இரண்டையும் மாற்றுவார். மாதக் கடைசியில் சம்பளக் கவர் போடும் அண்ணி, யார் எத்தனை நாள் பத்து நிமிடம் தாமதம் என்று தனி நோட்டு வைத்திருப்பார். ஊழியர் யார் பேச்சைக் கேட்டாலும் மற்ற மூன்று பேரின் பேச்சைக் கேட்காதவர் ஆகிவிடுகிறார்.

இதெல்லாம் விளக்கங்கள். மன்னிப்பதற்கான காரணங்களாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உடம்பும் கெடும், தொழிலும் கெடும்

“வேலைன்னா நாலு வார்த்தை கேக்கத்தான் வேணும்” என்று வீட்டில் சொல்வார்கள். இது நாலு வார்த்தையோடு நிற்பதில்லை. 1979-ல் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். வேலைச் சுமை அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்று தானே முடிவெடுக்கும் இடம் குறைவாகவும் இருந்தால் அந்தக் கூட்டணிதான் ஆளை மனதளவில் சாய்க்கிறது என்றார். 1985-ல் லண்டனில் மைக்கேல் மார்மட் தலைமையில் தொடங்கிய இரண்டாவது வைட்ஹால் ஆய்வு, 10,308 அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. தங்கள் வேலையின் மீது தங்களுக்குப் பிடி குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்ததை 1997-ல் வெளியான அதன் முடிவுகள் காட்டின.

நம் ஊரில் இது எப்படித் தெரியும்? ஞாயிறு சாயங்காலம் காரணமில்லாமல் வயிற்றைப் பிசையும். போன் அதிர்ந்தால் நெஞ்சும் அதிரும். குழந்தை கூப்பிட்டால் எரிந்து விழுவோம். வீட்டில் இருப்பவர்கள்தான் இதை முதலில் கவனிப்பார்கள்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. எதையும் கேட்டுக் கேட்டே செய்த ஊழியர், மூன்று ஆண்டில் முடிவெடுக்கும் பழக்கத்தையே இழந்துவிடுகிறார். அடுத்த கம்பெனியில் நேர்காணலுக்குப் போகிறார். ‘நீங்களே தனியாகக் கையாண்ட ஒரு ஆர்டரைச் சொல்லுங்கள்’ என்று கேட்கிறார்கள். சொல்ல ஒன்றும் இல்லை. நூறு ஆர்டர் அவர் கை வழியாகப் போயிருக்கிறது, ஒன்றைக்கூட அவருடையது என்று சொல்ல முடியவில்லை. சான்றிதழில் மூன்று ஆண்டு அனுபவம் இருக்கிறது, ஆளிடம் ஓராண்டு அனுபவம்தான் இருக்கிறது.

முதலாளிக்கும் இதில் லாபமில்லை. கெட்டிக்காரர்கள் ஓராண்டில் கிளம்பிவிடுவார்கள். நிற்பவர்கள், ‘சார் சொன்னாத்தான்’ என்று சொல்லக் கற்றுக்கொண்டவர்கள். அப்புறம் அவர்களைக் காட்டியே, ‘பாத்தீங்களா, நான் இல்லாட்டி இங்க ஒண்ணும் நடக்காது’ என்பார். குடும்பத்தோடு திருப்பதிக்குப் போனால் வரிசையில் நிற்கும்போதும் கேமராவைத் திறந்து பார்ப்பார்.

ஊழியர் என்ன செய்யலாம்?

அவர் கேட்பதற்கு முன் சொல்லிவிடுவதுதான் முதல் வழி. நான் பார்த்தவரை அதிகம் பலித்ததும் இதுதான். காலை பத்து மணிக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி: இன்று முடிய வேண்டியவை இவை, நேற்றிலிருந்து நிற்பது இது, உங்களிடமிருந்து தேவைப்படுவது இது. மாலை ஐந்து மணிக்கு இன்னொன்று: முடிந்தவை, முடியாதவை, காரணம். நான்கு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு நாளைக்குப் பதினைந்து முறை போன் வருவது பயத்தால் என்றால், பயத்துக்கு மருந்து தகவல்தான். முதல் வாரம் செய்தியும் போகும், போனும் வரும். சலித்துப்போய் நிறுத்திவிடாதீர்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் போன் குறையத் தொடங்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை. அந்தச் செய்தியில் ஒரு சின்னப் பொய்கூட இருக்கக் கூடாது. கூரியர் போகாமலேயே ‘அனுப்பியாச்சு சார்’ என்று போட்டு அது வெளியே வந்தால், ஆறு மாதத்தில் சேர்த்த நம்பிக்கை அரை மணி நேரத்தில் போய்விடும். பிழை நடந்தால் அவராகக் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லுங்கள், கூடவே அதைச் சரிசெய்ய என்ன செய்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்து, வாய் வார்த்தையாக வந்த உத்தரவை எழுத்தில் திருப்பி அனுப்புங்கள். ‘காலையில் சொன்னபடி லேபிள் கலரை நேவி ப்ளூவுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன் சார்.’ குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், தகவல் தொனி போதும். முதலாளி, அப்பா, மச்சான், அண்ணி என்று நான்கு பேர் உத்தரவு போடும் இடத்தில் இதுதான் கவசம். ‘அய்யா மத்தியானம் வேற மாதிரி சொன்னாங்க, எப்படிச் செய்யட்டும்?’ என்று அதே செய்தியில் கேட்டுவிடலாம். அவர்களுக்குள் பேசி முடிவு செய்யட்டும். நடுவில் நின்று அடி வாங்க வேண்டியது உங்கள் வேலை இல்லை.

மூன்றாவது, ஒரே ஒரு வேலையை முழுதாகக் கேட்டு வாங்குங்கள். ‘எல்லாவற்றையும் என்னிடம் விடுங்கள்’ என்றால் எந்த முதலாளியும் விடமாட்டார். ‘கூரியர் விஷயத்தை இந்த மாதம் நானே பாத்துக்கறேன் சார், 30-ம் தேதி கணக்கைக் காட்டறேன்’ என்றால் விட்டுப் பார்ப்பார். சிறியதாக, தப்பினாலும் பெரிய நஷ்டமில்லாததாகத் தேர்ந்தெடுங்கள். அது நன்றாக ஓடினால் அடுத்ததைக் கேளுங்கள்.

இரவு அழைப்புக்கு எதிராகப் போர்க்கொடி தூக்குவது சிறிய அலுவலகத்தில் எடுபடாது. ‘ஒன்பது மணிக்கு மேல் அவசரம்னா போன் பண்ணுங்க சார், எடுத்துடறேன். வாட்ஸ்அப்புல வர்றதைக் காலையில பாத்துக்கறேன்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அதன்படியே நடந்துகொள்ளுங்கள். அவசரத்துக்கு எடுப்பவர் என்று தெரிந்தால் மற்றதற்கு விட்டுவிடுவார்கள், எல்லோரும் இல்லாவிட்டாலும் பலர். ஆஸ்திரேலியாவில் வேலை நேரத்துக்குப் பிறகு அழைப்பை ஏற்காமல் இருக்கும் உரிமை 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோது, 15 பேருக்குக் குறைவான சிறு நிறுவனங்களுக்கு மட்டும் ஓராண்டு கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். அங்கேயும் சின்ன இடத்தில்தான் சிக்கல் அதிகம் போலிருக்கிறது.

பேச வேண்டும் என்று முடிவு செய்தால் நேரம் பார்த்துப் பேசுங்கள். சம்பள நாளன்று வேண்டாம், அன்று அவர் மனதில் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஷிப்மென்ட் போன மறுநாள், அல்லது 20-ம் தேதி தாண்டிய பிறகு, தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு. ‘நீங்க என்னை நம்பறதே இல்ல’ என்று தொடங்கினால் அது சண்டை. ‘மெயில் ராத்திரி பத்து மணிக்குப் போனதால கட்டிங் ஒரு நாள் நின்னுபோச்சு. அஞ்சு மணிக்கே போனா நமக்குத்தான் லாபம் சார்’ என்றால் அது கணக்கு. அவருக்குப் புரியும் பாஷை அதுதான்.

சக ஊழியர்கள் சேர்ந்து முதலாளியைத் திட்டுவதற்கென்று தனி வாட்ஸ்அப் குழு தொடங்குவது இப்போது வழக்கம். வேண்டாம். எட்டுப் பேரில் ஒருவர் எப்போதும் முதலாளியின் காதாக இருப்பார், அது யார் என்பது கடைசியில்தான் தெரியும். சேர்ந்து ஒரு கோரிக்கை வைப்பதென்றால் மூத்தவர் ஒருவர் மூலம், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வையுங்கள். இருக்கையைப் பார்க்கும் கேமராவை வாசலுக்கும் சரக்கு வைக்கும் இடத்துக்கும் திருப்பச் சொல்வது நல்ல தொடக்கம்.

இவ்வளவும் செய்து நான்கைந்து மாதத்தில் ஒன்றும் மாறவில்லை என்றால், வேறு வேலை தேடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் கோபத்தில் மதியம் எழுந்து போகாதீர்கள். இரண்டு மூன்று மாத வீட்டுச் செலவைச் சேர்த்துக்கொண்டு, அடுத்த வேலை உறுதியான பிறகு, முறையாக ராஜினாமாக் கடிதம் கொடுத்து அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போங்கள். தூக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் போகிற நிலை என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

சட்டம் எங்கே தொடங்குகிறது?

சட்டத்தின் எண்களைப் பாருங்கள். குறைதீர்க்கும் குழு 20 தொழிலாளர் இருந்தால்தான் கட்டாயம். வருங்கால வைப்பு நிதிக்கும் 20. இ.எஸ்.ஐ.க்கு 10. பாலியல் தொல்லை புகாருக்கான உள்ளகக் குழுவுக்கும் 10. எட்டுப் பேர் அலுவலகம் எல்லாக் கோட்டுக்கும் கீழே நிற்கிறது. பதிவேட்டில் ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளும் முதலாளிகளும் இருக்கிறார்கள்.

ஆனாலும் வெறுங்கையோடு விடப்படவில்லை. பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் வேலை பார்க்கும் பெண்கள், பாலியல் தொல்லை குறித்து மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் நேரடியாகப் புகார் தரலாம். 2013-ம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டாலும் நீக்கப்பட்டாலும் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். ‘கிளம்பினா கடைசி மாசச் சம்பளம் கிடையாது’ என்ற மிரட்டலுக்கு இனி இடமில்லை.

1947-ம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் நீக்க முடியாது என்கிறது. உங்கள் அலுவலகத்துக்கு எந்தெந்தப் பிரிவு பொருந்தும் என்பதை, ஆள் எண்ணிக்கையைச் சொல்லித் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

சேரும்போதே செய்ய வேண்டியவையும் உண்டு. நியமனக் கடிதம் கேளுங்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். ‘சேஃபா பீரோவுல இருக்கும் தம்பி’ என்பார்கள். பீரோ அவருடையது, சாவியும் அவருடையது.

முதலாளிகளுக்கும் சங்கங்களுக்கும்

இந்தப் பக்கத்தை முதலாளிகளும் படிப்பார்கள். அவர்களிடம் கேட்பது அதிகமில்லை. ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். ஐயாயிரம் ரூபாய்க்குள் நஷ்டம் வரக்கூடிய முடிவு எதுவானாலும் ஊழியரே எடுக்கட்டும், சாயங்காலம் சொன்னால் போதும் என்று அறிவித்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்து உண்மையில் எவ்வளவு நஷ்டம் ஆனது என்று எழுதிப் பாருங்கள். உங்கள் மேசையில் காத்துக் கிடந்ததால் தாமதமான வேலைகளின் நஷ்டத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். எது பெரியது என்று கணக்கே சொல்லிவிடும். உத்தரவு ஒரே வாயிலிருந்து வரட்டும், அப்பாவாக இருந்தாலும் மச்சானாக இருந்தாலும் அந்த ஒருவர் மூலமாகவே சொல்லட்டும். திட்ட வேண்டியதைத் தனியாகவும் பாராட்ட வேண்டியதைக் குழுவிலும் சொல்லுங்கள். இப்போது பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது.

திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் கொடிசியா, டான்ஸ்டியா போன்ற சிறுதொழில் சங்கங்களும் வரி, வங்கிக் கடன், ஏற்றுமதி விதிகள் பற்றியெல்லாம் உறுப்பினர்களுக்கு வழிகாட்டுகின்றன. பத்துப் பேரை எப்படி நடத்துவது, வேலையை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதற்கு அரை நாள் வகுப்பு வைப்பதில் என்ன தடை? ‘நீட்ஸ்’ போன்ற அரசுத் திட்டங்களில் புதிய தொழில்முனைவோருக்குக் கொடுக்கும் பயிற்சியிலும் இதற்கு ஒரு பாடவேளை ஒதுக்கலாம்.

இன்னொன்று அரசின் கையில் இருக்கிறது. 20 பேர் இல்லாத அலுவலகத்துக்குக் குறைதீர்க்கும் குழு அமைக்க முடியாது என்றால், ஒரு தொழிற்பேட்டைக்கோ ஒரு வணிகத் தெருவுக்கோ சேர்த்து ஒரே குழுவாக அமைக்கலாம். சங்கப் பிரதிநிதி ஒருவர், ஊழியர் தரப்பில் ஒருவர், தொழிலாளர் துறையிலிருந்து ஒருவர். பாலியல் தொல்லை புகாருக்கு மாவட்ட உள்ளூர்க் குழு என்ற முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. புதிய சட்டத் தொகுப்புகளுக்கேற்ப நடைமுறைகளை வகுக்கும் இந்த நேரத்திலேயே தமிழ்நாடு அரசு இதைப் பரிசீலிக்க வேண்டும். திருப்பூரிலும் கோவையிலும் முதலில் நடத்திப் பார்க்கலாம்.